பழைய படமும் உப்புக்காற்றும்: மண்டபம் முதல் தொண்டி வரை

ராமநாதபுரம் கரையோர ஊர்களில் பழைய படம் பார்ப்பவர்களும் போடுபவர்களும் ஆளுக்கொன்றாக எழுதிய குறிப்புகள் இவை.

மண்டபத்திலிருந்து

இந்த வாரம் பார்த்தது ‘அந்த நாள்’. 1954, ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், எஸ். மாருதி ராவ் ஒளிப்பதிவு. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. படத்தின் உயிர் அதன் இருட்டில் இருக்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சாகிறார், அதற்கப்புறம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது என்ற குழப்பத்தை வசனம் பாதி சொல்கிறது, முகத்தில் விழும் நிழல் மீதியைச் சொல்கிறது. அந்த நிழல் சாம்பலாக வெளுத்துவிட்டால் படம் வெறும் விசாரணையாகச் சுருங்கிவிடும்.

டிவியில் பார்ப்பவர்கள் முதலில் ‘விவிட்’ என்ற அமைப்பை விட்டு ‘சினிமா’ அல்லது ‘மூவி’ அமைப்புக்கு மாறுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது ஒரிஜினலில் இல்லாத ஃப்ரேம்களை நடுவே நுழைப்பதால் சிவாஜி திரும்பும் வேகமே மாறிவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட்டும் வேண்டாம், காட்சிக்குக் காட்சி கறுப்பு ஏறி இறங்கும். ஷார்ப்னெஸ்ஸை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று பலர் செய்வதில்லை: கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ‘கலர்’ அளவைச் சுழியத்தில் வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் லேசாகப் பச்சையோ ஊதாவோ ஓடும்; அது ஒரே தட்டலில் போய்விடும்.

அடுத்தது உருவம். அந்தக் காலப் படச்சட்டம் 1.37க்கு 1. இன்றைய டிவி 1.78க்கு 1. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதுதான் சரி. பட்டையைப் பார்த்து எரிச்சல்பட்டு ‘ஜூம்’ போட்டால் உயரத்தில் 100க்கு 23 பங்கு போய்விடும். மேலே நெற்றி, கீழே கை. இழுத்து நிரப்பினால் ஆளின் அகலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. படத்தில் கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வரும்போது நிறுத்திப் பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா? இல்லையென்றால் ரிமோட்டில் 4:3.

கீழக்கரையிலிருந்து

மண்டபத்துத் தம்பி உருவத்தைச் சொல்லிவிட்டார். நான் நீளத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய படம் ‘இழுவை’ என்றும் ‘தாவுகிறது’ என்றும் வரும் புகார்களில் பாதி, வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்ததால் வருவது.

படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருமே, அதைத் தள்ளிவிடாதீர்கள். அதில் எத்தனை ரீல், எவ்வளவு நீளம் என்று இருக்கும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆக, அடிக்கணக்கு இருந்தால் 90ஆல் வகுங்கள். மீட்டர்க் கணக்கு இருந்தால் 27.4ஆல் வகுங்கள். வருவது படம் ஓடவேண்டிய நிமிடம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சான்றிதழில் 15,300 அடி என்று இருந்தால் 170 நிமிடம். உங்களிடம் இருப்பது 150 நிமிடம்தான் என்றால் 20 நிமிடம் காணோம். பெரும்பாலும் ஒரு பாட்டும் நகைச்சுவைப் பகுதியும் போயிருக்கும். 163 நிமிடம் என்றால் கதை வேறு. எதுவும் வெட்டப்படவில்லை, படம் வேகமாக ஓடுகிறது. தொலைக்காட்சிக்காகவும் விசிடிக்காகவும் மாற்றும்போது 24 ஃப்ரேமை 25 ஆக ஓட்டிவிட்டார்கள். 170ஐ 0.96ஆல் பெருக்கிப் பாருங்கள், 163 வரும்.

இந்த 4 சதவீதம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சுருதி முக்கால் சுரத்தானம் போல ஏறிவிடும். டி.எம்.எஸ். குரலில் கனம் குறைந்து, சுசீலா குரல் சிறுமியின் குரல்போல ஆகும். இதைச் சரிசெய்ய, படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சியில் வேகத்தை 0.96 என்று வையுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஒலி அமைப்பில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ என்று ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அதை அணைத்தால்தான் குரல் இறங்கித் தன் இடத்துக்கு வரும். வேகத்தை மாற்றியும் பலன் இல்லை என்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

பாம்பனிலிருந்து

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன கணக்கு ஊருக்குப் படம் போடுகிறவர்களுக்கும் உதவும். ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எனவே நீளத்தை முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரத்தில் தொடங்கிவிட வேண்டும். உரிமைதாரரின் அனுமதியும் காவல் நிலைய அனுமதியும் கையில் இருக்கட்டும்.

நம் கரையில் ஆள் கூடுவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எல்லோருக்கும் நேரம் இருக்கும். ஆனால் அப்போதுதான் தென்மேற்கிலிருந்து காற்றும் ஏறும். தென்கடல் (மன்னார் வளைகுடா) குமுறும், வடகடல் (பாக் விரிகுடா) குளம்போல் கிடக்கும். ஆகவே அந்த மாதங்களில் வடகடல் பக்கம் திரை கட்டுங்கள். வாடை அடிக்கும் மாதங்களில் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

திரைக்கு 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய படத்துக்கு உயரம் 8¾ அடி வரும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் அந்தத் துணிமேல் ஏறத்தாழ 20 கிலோ சுமை விழும். காற்று 40 ஆனால் சுமை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும், 80 கிலோவுக்கு மேல். சவுக்குக் கம்பு முறிவது இதனால்தான். துணியில் ஓட்டை போடுவது பயன் தராது, ஓட்டை கிழிசலாகும், படமும் கெடும். திரையின் ஓரம் காற்றைப் பார்க்கும்படி கட்டுங்கள். காற்று துணியைத் தள்ளாமல் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். மேல்விளிம்பை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். கீழ்விளிம்பையும் பக்கங்களையும் சைக்கிள் ட்யூப் துண்டுகளால் கட்டினால் திடீர் வீச்சுக்குக் கொஞ்சம் இளகிக் கொடுத்துத் திரும்பும். மணலில் முளைக்குச்சி நிற்காது. சாக்கில் மணலை அடைத்துக் கயிற்றைக் கட்டி 2 அடி ஆழத்தில் புதையுங்கள். அதைப் பிடுங்குவது கடினம்.

ஸ்பீக்கரைத் திரைக்கு இரண்டு பக்கமும் வைப்பது வழக்கம். பழைய படம் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. ஒரே ஒலி 12 அடி இடைவெளியில் இரண்டு இடத்திலிருந்து வந்தால் ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். ஒன்று போதும். அதைக் காற்று வரும் பக்கத்துக் கம்பில், தலைக்குமேல் உயரத்தில் வையுங்கள். காற்றோடு போகும் ஒலி கீழே வளைந்து தூரம் போகும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேலே எழும்பிப் போய்விடும், பின்வரிசைக்கு வசனம் எட்டாது. ப்ளூடூத் ஸ்பீக்கர் கூடவே கூடாது. ஒலி 0.1 முதல் 0.2 விநாடி பின்தங்கும். பராசக்தி நீதிமன்றக் காட்சியில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போனால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? வயர் போடுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் விஎல்சியில் ‘ஜே’ விசை ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒலியை 50 மில்லி விநாடி முன்னே கொண்டுவரும். திரையிலிருந்து 100 அடி தள்ளி இருப்பவருக்கு இயல்பாகவே 2 ஃப்ரேம் பிந்தித்தான் கேட்கும் என்பதால், நடுவரிசையில் நின்று பார்த்து அமையுங்கள்.

ப்ரொஜெக்டரின் தூரத்தையும் முன்னாலேயே அளந்துவிடுங்கள். அது அகலப் படத்துக்குச் செய்த கருவி. பழைய படம் 12 அடி அகலம் விழவேண்டுமானால் கருவியின் முழுவீச்சு 15½ அடி இருக்க வேண்டும்; கருவியின் தூர விகிதம் (திரைக்குள்ள தூரத்தை வீச்சின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 23 அடி பின்னால் வையுங்கள். 12 அடிக்கென்று கணக்குப் போட்டு வைத்தால் படம் 9¼ அடிதான் வரும், கடைசி நேரத்தில் மேசையை நகர்த்த வேண்டிவரும். கருவியின் ஒளி 3,000 லூமன் என்றால் இந்த அளவுக்குத் தாராளம். பௌர்ணமி நிலவு படத்தைக் கெடுக்காது, அதன் வெளிச்சம் கால் லக்ஸ்தான் (பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்). பக்கத்தில் எரியும் தெருவிளக்குத்தான் கெடுக்கும். அது திரையில் 10 லக்ஸ் விழுந்தாலே ‘அந்த நாள்’ இருட்டு சாம்பலாகிவிடும். விளக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு படகு மறைவாக நிற்கும் இடமாகப் பாருங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து

பாம்பன் அண்ணே, ப்ரொஜெக்டர் லென்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஒரு மணி நேரத்தில் லென்ஸில் மங்கலாக ஒரு படலம் படியும். பனி என்று நினைத்து முந்தானையால் துடைப்பார்கள். அது உப்பு. உலர்ந்த உப்புத் துகளைத் துணியால் தேய்த்தால் கண்ணாடிப் பூச்சில் கோடு விழும், அந்தக் கோடு இனி எல்லாப் படத்திலும் தெரியும். முதலில் ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒற்றியெடுங்கள். மின்சாரம் போனால் விளக்கு உள்ள ப்ரொஜெக்டரில் காற்றாடியும் நின்றுவிடும், சூடு வெளியேறாமல் விளக்கின் ஆயுள் குறையும். சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

தொண்டியிலிருந்து

‘செம்மீன்’ பார்த்தோம். 1965, ராமு காரியாட் இயக்கம், மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு, தகழியின் நாவல். மலையாளம் தெரியாவிட்டாலும் கடற்கரை ஆட்களுக்கு முக்கால் படம் புரிந்துவிடும். கடனுக்குப் படகு வாங்கி, மீனைத் தருகிறேன் என்று சொல்லித் தராமல் விடுவது எந்தக் கரையிலும் நடப்பது.

ஆனால் இந்தப் படத்தைப் பாக் ஜலசந்திக் கரையில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு வித்தியாசம் உறைக்கிறது. கேரளத்து நாட்டிகைக் கடற்கரையில் எடுத்த படம். அங்கே பொழுது கடலுக்குள் சாயும். நாயகி கருத்தம்மா கரையில் நிற்க, வெளிச்சம் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். தொண்டியில் சூரியன் கடலிலிருந்து எழும், அந்தி நேரத்துக் கடல் கறுத்துக் கிடக்கும். காத்திருப்பவளின் முகத்தில் எந்த வெளிச்சம் விழும் என்பதே இரண்டு கரைக்கும் வேறு. பார்ட்லி அந்த அந்தி ஒளியைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார், அலங்காரமாக அல்ல. ‘மாயாபஜார்’ எடுத்த அதே கை. அங்கே ஸ்டூடியோவுக்குள் நிலா வெளிச்சத்தை உண்டாக்கியவர், இங்கே இருக்கிற வெயிலைக் காத்திருந்து வாங்கியிருக்கிறார்.

ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ணப் பிலிமின் பிரதிகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலப் பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது செவ்வூதா. அதனால் கடல் ரோஸ் நிறமாகவும் ஆகாயம் பழுப்பாகவும் தெரியும் பிரதிகள் நிறைய உலவுகின்றன. இயக்குநர் அப்படி எடுக்கவில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இது விரைவாகும். ‘ஹ்யூ’ என்ற நிறச்சாய்வு அமைப்பைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பது வீண், முகம் பச்சையாகும். போன சாயம் போனதுதான். ‘கலர்’ அளவைப் பாதியாகக் குறைத்தால் செம்மை உறுத்தாமல், ஒளியும் நிழலுமாவது ஒழுங்காகத் தெரியும். வேறு நல்ல பிரதி கிடைத்தால் அதற்குக் காத்திருப்பதே மேல்.

ராமநாதபுரத்திலிருந்து

நிறம் என்றதும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1959, பி.ஆர். பந்துலு. கேவாகலர் என்ற வண்ணப் பிலிமில் எடுத்து, லண்டனில் டெக்னிகலராக மாற்றியது. டெக்னிகலர் பிரதியில் சாயத்தை அச்சடிப்பதுபோல் ஏற்றுவதால் அது ஈஸ்ட்மன்கலர்போல் வெளுக்காது. அரசவைச் சிவப்பு இன்றும் பளிச்சென்று இருக்கும் பிரதிக்குக் காரணம் அதுதான்.

கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது 1798 செப்டம்பரில், நம் ஊர் ராமலிங்க விலாச மாளிகையில். படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போங்கள், அல்லது போய்விட்டு வந்து படத்தைப் பாருங்கள். சிவாஜியின் குரலுக்கு ஏற்ற மாதிரி விரிந்த மண்டபத்தைச் சினிமா கட்டிக்கொண்டது. சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த உண்மையான மாளிகையின் தூண்களுக்கு நடுவே நின்றால், அந்தச் சந்திப்பில் மூண்ட கைகலப்பு எவ்வளவு நெருக்கத்தில் நடந்திருக்கும் என்பது விளங்கும்.

வாலிநோக்கத்திலிருந்து

‘உதிரிப்பூக்கள்’ போடுவதாக இருந்தால் ஒலியை மட்டும் கவனியுங்கள். 1979, மகேந்திரன் இயக்கம், அசோக்குமார் ஒளிப்பதிவு, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்தது. மகேந்திரன் படத்தில் ஆட்கள் குறைவாகப் பேசுவார்கள், பேசாத இடத்தில் இளையராஜாவும் சில நேரம் ஒதுங்கி நிற்பார். அலைச் சத்தம் அந்த மௌனத்தைத் தின்றுவிடும். ஒலியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று கூட்டினால், வசனம் வரும்போது அலறும், மௌனத்தில் பழைய ஒலிப்பட்டையின் இரைச்சல்தான் பெருகும். ட்ரெபிளை (கீச்சு ஒலியின் அளவை) ஏற்றாதீர்கள், அந்தக் காலப் பட்டையில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சலைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் கூட்டி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள். வசனம் தெளியும், இரைச்சல் ஏறாது. ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கம் 150 அடி தள்ளி, மணல்மேட்டுக்குப் பின்னால் வையுங்கள்.

கடைசிக் காட்சியில் ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது, கதையின் மையமான சுந்தரவடிவேலு தண்ணீருக்குள் இறங்குகிறான், பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஓதம் வற்றும் நேரம் பார்த்துப் படத்தைத் தொடங்குங்கள், கரையலை தள்ளிப் போயிருக்கும். படம் முடிந்ததும் விளக்கைப் போடாதீர்கள்.