தீப்பெட்டி வைத்த கடிகாரம்: உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்

காங்கேயம் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள், பழைய சாமான் கிடக்கிறது என்று மச்சான் போன் பண்ணினான். தூணையும் நிலைக்கதவையும் யாரோ முன்னமே விலை பேசி முடித்திருந்தார்கள். எனக்கு வேண்டியது ஆசாரத்தில், அதாவது கூடத்தில் இருந்தது. சுவரில் அடித்த பலகைமேல் ஒரு ஜங்ஹான்ஸ் கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது.

டயலில் எட்டு முனை நட்சத்திரம், நடுவில் ஜே எழுத்து. ஜெர்மனியில் ஷ்ராம்பர்க் ஊர்க் கம்பெனி. அந்த முத்திரை 1890-இல் வந்தது என்பதால் கடிகாரம் அதற்கு முந்தியது இல்லை என்பது மட்டும் நிச்சயம். எந்த வியாபாரியாவது ஜங்ஹான்ஸைக் காட்டி "1850 மாடலுங்க" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், கம்பெனியே 1861-இல்தான் தொடங்கியது. விலை எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், என் வீட்டுக்காரியும் இதைப் படிப்பாள்.

இந்த ரகமெல்லாம் சீமையில் கணப்புக்கு மேலே இருக்கும் மேடைக்காகச் செய்தவை. வால்பாறை, குன்னூர் பங்களாக்களில் கணப்பு உண்டு. மலையிறங்கினால் ஏது? பீரோ மேலே, மாடத்தில், ரேடியோ பக்கத்தில் என்று கிடைத்த இடத்தில் உட்காரவைத்தார்கள். பலகை கோணல், சுவர் கோணல். ஆனாலும் எழுபது எண்பது வருடம் ஓடியிருக்கிறது.

தூக்கும்போது இடது காலுக்கு அடியில் நசுங்கிய தீப்பெட்டி ஒன்று இருந்தது. குப்பை என்று எறிந்துவிட்டேன்.

திருப்பூருக்குக் கொண்டுவந்து, ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தினேன். மூன்று நிமிடம் ஓடியது, நின்றது. மறுபடி ஆட்டிவிட்டால் மறுபடி மூன்று நிமிடம். ஒரு வாரம் இதே வேலை. பனியன் கம்பெனியில் தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயைப் பல்லுக்குப் பல் விட்டேன். புது ஸ்பிரிங்குக்கு எங்கெங்கோ விசாரித்தேன். கடைசியில் பழைய வாட்ச்காரர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பையைக்கூடத் திறக்கவில்லை. "செத்த சும்மா இருங்க" என்று கண்ணை மூடிக் கேட்டார்.

"நொண்டுதுங்க."

அப்புறம்தான் எனக்கும் கேட்டது. டிக்டக்... டிக்டக்... என்று ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை. இடது காலுக்கு அடியில் இரண்டு ரூபாய் நாணயத்தைச் செருகினார். டிக், டக், டிக், டக். சீராகிவிட்டது. பெண்டுலம் இரண்டு பக்கமும் ஒரே அளவு போய்ப் பல்லை விடுவிக்க வேண்டும். அதைத் தள்ளிவிடும் கம்பி எப்போதோ வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் அதிகம், மறு பக்கம் போதாது. அதற்கு அந்த வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் நான் எறிந்த தீப்பெட்டி. வாட்ச்காரர் நாணயத்தை எடுத்துவிட்டு, கம்பியை விரலால் லேசாக நெளித்தார். இப்போது சமதளத்திலேயே ஓடுகிறது. எண்ணெய்க்குத்தான் திட்டு வாங்கினேன். அச்சு முனை சுற்றும் குழிகளில் ஒரு துளி போதுமாம். பல்லில் விட்டால் எங்கள் ஊர்ப் பஞ்சுத் தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடுமாம். முழுசும் பிரித்துக் கழுவினார்.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், தூக்குமுன் அது நிற்கிற நிலையை ஒரு போட்டோ எடுங்கள், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்குமே?

கோபி அக்கா:
எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆன்சோனியா, அமெரிக்கக் கம்பெனிக் கடிகாரம், எப்போதும் மூன்று கூட்டித்தான் அடிக்கும். "ஏழு அடிச்சா நாலு மணி கண்ணு" என்று எங்களுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்ததே அமுச்சிதான். பத்துக்கு ஒன்று, பதினொன்றுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு மூன்று அடிக்கும், அங்கே மட்டும் கணக்கு உதைக்கும்.

அதில் மணி எண்ணுவதற்கு ஒரு தனிச் சக்கரம். விளிம்பில் வெட்டு வெட்டாக இருக்கும், முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே போகும். யாரோ அவசரத்தில் முள்ளை மடமடவென்று சுற்றி, மணி முழுசும் அடிக்க விடாமல் நகர்த்தியிருப்பார்கள். போன பொங்கலுக்குப் போனபோது நான் சரி செய்தேன். டயலுக்குக் கீழே ஒரு கம்பி தொங்கும், அதைத் தூக்கிவிட்டால் அடுத்த எண்ணிக்கையை அடிக்கும். முள்ளோடு ஒத்துப்போகிறவரை தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். (எல்லாக் கடிகாரத்திலும் இந்தக் கம்பி இருக்காது.)

மறுநாள் விடிகாலை நாலு அடித்திருக்கிறது. அமுச்சி பழக்கத்தில் மூன்றைக் கழித்து, மணி ஒன்றுதான் என்று திரும்பிப் படுத்துவிட்டார். பால்காரர் வந்து கதவைத் தட்டினார். "சரி பண்ணறேன்னு கெடுத்துப்போட்டயே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆன்சோனியாவிடம் புகார் சொல்லவும் வழியில்லை, 1929-இல் அந்தத் தொழிற்சாலை எந்திரங்களைச் சோவியத் அரசு வாங்கிக்கொண்டது.

ஆனைமலையான்:
என் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. வால்பாறை எஸ்டேட் பங்களாவிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கிய கடிகாரம், செத் தாமஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது. கறுப்புக் கல்லில் கோயில் முகப்பு மாதிரி இரண்டு பக்கமும் தூண். வெள்ளையடித்தபோது தெறித்த பெயிண்ட் பொட்டுகள் மேலே. கல்தானே என்று மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். பொட்டு போனது, கூடவே கல்லும் பிசுபிசுவென்று பஞ்சோடு வந்தது.

கல்லே இல்லை. மரத்தின்மேல் செல்லுலாய்டுத் தகடு ஒட்டியது, அடமன்டைன் என்று பெயர். அடியில் ஒட்டிய சீட்டில் 1880 செப்டம்பர் 7 காப்புரிமை என்று தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். திருப்பிப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அதுகூட வேண்டாம், ஒரு கையில் தூக்கினேனே, அப்போதே தோன்றியிருக்க வேண்டும். இப்போது அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

பேரூரான்:
நிஜக் கல்லிலும் ஏமாறலாம். கோவையில் ஒரு கடையில் பிரெஞ்சுக் கடிகாரம் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். கல் அசல், டயல் அசல். இவற்றில் பெண்டுலத்திலும் பின்தகட்டிலும் ஒரே நம்பர் குத்தியிருப்பது வழக்கம். என்னுடையதில் இரண்டும் வேறு வேறு. இரண்டு கடிகாரத்துக்குக் கல்யாணம் செய்துவைத்து விற்றிருக்கிறார்கள். பரவாயில்லை, சண்டை போடாமல் ஓடுகிறது.

கோபி அக்கா:
கடிகாரம் இருந்த காங்கேயத்து வீட்டுப் பெரியவரிடம் தீப்பெட்டி விஷயத்தைச் சொன்னீர்களா?

முதலில் எழுதியவன்:
நானாகச் சொல்லவில்லை. தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கடிகாரம் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏனுங்க தம்பி, தீப்பெட்டியயும் எடுத்துட்டுப் போனீங்களா? எங்கய்யன் வெச்சதுங்க அது" என்றார்.

பத்திரமா இருக்குதுங்கய்யா என்று சொல்லிவிட்டேன்.