காலிமுகத்திடலில் உச்சி வெயிலில் டிஸ்க் கோல்ஃப்: பட்டவர்கள் சொல்லுங்கள்

சித்திரைப் புத்தாண்டு லீவுக்குப் பாதிக் கொழும்பு ஊருக்குப் போய்விடும். வருடம் முழுக்கப் பட்டமும் இறால் வடை வண்டியுமாக நெரியும் காலிமுகத்திடலில் அன்றைக்குக் காகங்கள்தான் கூட்டம். "இப்போது விட்டால் இந்த வெளி இனிக் கிடைக்காது" என்று மச்சான் போன் எடுத்தான். நான்கு பேர் போனோம். சூரியன் கொழும்புக்கு நேரே உச்சம் கொடுக்கிறது என்று முதல் வாரம்தான் செய்தியில் வாசித்திருந்தேன். வாசித்ததோடு சரி.

தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரித்தான். பந்துக்குப் பதில் டிஸ்க் என்கிற தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறியில் முடிப்பவர் வென்றார். எங்கள் கூடைகள் சொந்தத் தயாரிப்பு. பழைய சைக்கிள் ரிம், பஞ்சிகாவத்தையில் நிறுத்து வாங்கிய சங்கிலி, ஒரு இரும்புக் குழாய், விழாமல் இருக்க அடியில் டயர். திடல் நீளம் அரைக் கிலோமீட்டர் வரும். கூடைக்குக் கூடை 200 மீட்டர் வைத்தோம். நான் முழு மூச்சாக எறிந்தாலும் 80 மீட்டர் தாண்டாது. ஒன்பது குழி (கூடையைத்தான் குழி என்போம்), இரண்டு சுற்று.

மரம் இல்லை, புதர் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எறியலாம் என்று நினைத்தேன். வெட்டவெளி ஏமாற்றுவதே அங்கேதான். மரங்களுக்கு நடுவே என்றால் இருக்கிற சந்துக்குள் அடக்கி எறிவோம். இங்கே கூடை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் கை தானாக அதிவேக டிரைவரைத்தான், அதாவது தூர எறிக்கான டிஸ்க்கைத்தான், எடுத்தது.

பத்து மணி தாண்டியதும் கடல் காற்று எழும்பியது. நான் வலது கை ஆள். பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்துப் புறங்கைப் பக்கமாக, எறிந்தால் டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் சரியும். தெற்கே, ஹோட்டல் பக்கம் பார்த்து எறியும்போது கடல் வலப்பக்கம். சரிந்த டிஸ்க்கின் வயிற்றில் காற்று பிடித்து அப்படியே தூக்கி வீதிப் பக்கம் கொண்டு போனது. திரும்பி வடக்கே எறிந்தால் அதே காற்று டிஸ்க்கின் முதுகில் ஏறி உட்கார்ந்து 50 மீட்டரிலேயே தரையோடு அமுக்கியது. ஒரே கை, ஒரே டிஸ்க், போகும்போது ஒரு நியாயம், வரும்போது ஒரு நியாயம்.

இரண்டாவது சுற்றில் விரல் வழுக்கத் தொடங்கியது. டீ-சேர்ட்டில் துடைக்கலாம் என்றால் அதைப் பிழிந்தால் அரைப் போத்தல் வரும். கறுப்பு டிரைவரைப் புல்லில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்து எடுத்தேன். காற்றுப்பட்ட பப்படம் மாதிரி வளைந்தது. விளிம்பை இறுக்கிப் பிடிக்கவே முடியவில்லை. பன்னிரண்டாவது குழியில் நான் எறிந்தது ஐந்தாவதா ஆறாவதா என்று மச்சானோடு சண்டை. உண்மையில் இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

மச்சானின் தங்கச்சியைச் சொல்லவேண்டும். ஒரு கையில் குடை, மறு கையில் ஒரேயொரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூர, டிஸ்க். "கோயிலுக்கா வெளிக்கிட்டாய்?" என்று சிரித்தோம். அவள் டிஸ்க்கை இடுப்புயரத்துக்கு மேல் ஏறவிடாமல் 50 மீட்டர், 50 மீட்டராகத் தட்டிக்கொண்டே போனாள். காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எறியும்போது குடையை என்னிடம் தருவாள். கடைசிக் குழிகளில் அவள் முறை எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நிழலுக்காக. என்னை 11 எறியால் வென்றாள்.

உங்களுக்கு எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து:
கடல் காற்று வீதிக்குத்தானே கொண்டு போகும், திரும்பக் கிடைக்கும். விடியக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரம் காற்று தரையிலிருந்து கடலுக்கு. வடக்கே பார்த்து எறிந்தேன், 175 கிராம் டிரைவர், வடிவாகத்தான் போனது, கடைசியில் இடப்பக்கம் சரிந்தது, காற்று ஏந்திக்கொண்டது. கரைச் சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழுந்து நேரே அடிக்குப் போய்விட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா திரும்பிப் பார்த்து, "இதுக்கு மீன் வராது தம்பி" என்றார். வெயிலுக்குப் பயந்து நேரத்தை மாற்றினால் ஒரு டிஸ்க் செலவு.

டொரொண்டோ, விடுமுறைக்குக் கொழும்பு:
நான் ஈ.டி. சீட்டன் பூங்காவில் விளையாடிப் பழகியவன். அங்கே மரம்தான் எதிரி. குளிர் தொடங்கினால் டிஸ்க் பீங்கான் கோப்பை மாதிரி விறைத்துவிடும், விரல் நோகும். இங்கே அதே டிஸ்க் குழைகிறது. வெயிலுக்கு விறைப்பான பிளாஸ்டிக், வெளிர் நிறம். காரின் டிக்கிக்குள் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம், விளிம்பு கோணிவிடும்.

உங்கள் சைக்கிள் ரிம் கூடையைப் பார்த்தால் எட் ஹெட்ரிக் சந்தோஷப்பட்டிருப்பார். சங்கிலிக் கூடையைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1975-இல் கலிபோர்னியாவில் முதல் மைதானத்தைப் போட்டபோது கூடையே கிடையாது, கம்பம்தான் இலக்கு. 2002-இல் இறந்தபின் அவர் சாம்பலைக் கலந்து டிஸ்க் வார்த்தார்கள். அவரே கேட்டுக்கொண்டதாம்.

தெஹிவளை:
நீங்கள் யாரும் முதல் ஆள் இல்லை. கொழும்பு கோல்ஃப் கழகம் தொடக்கத்தில் ஆடியதே இந்தத் திடலில்தான். பொரளைப் பக்கம் போனது பிறகு. இப்போது அவர்களின் புல்வெளிக்கு நடுவே களனிவெளி ரயில் ஓடுகிறது. உங்களுக்குக் காற்று, அவர்களுக்கு ரயில்.

அதை விடுங்கள். தலை கிறுகிறுத்து எண்ணிக்கை மறந்தால் அது விளையாட்டுக் களைப்பு இல்லை, சூடு ஏறிவிட்டது. அப்போதே நிழலுக்குப் போகவேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. பார்மசியில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) பக்கெட் ஒன்று, ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பையில் வையுங்கள். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் லீவு நாளில் விற்கிறவரும் ஊருக்குப் போயிருப்பார்.

முதலில் எழுதியவன்:
உண்மை. அன்றைக்கு ஒரு செவ்விளநீர் வண்டிகூட இல்லை, கொள்ளுப்பிட்டி வரை ஓட்டோவில் போனோம். அடுத்த ஞாயிறு மறுபடி. மச்சான் இரண்டு குடை வாங்கிவிட்டான். தங்கச்சி இனி யாருக்கும் குடை தரமாட்டாளாம்.