24 வயசுல கிழட்டு டெய்லர் வேஷம்: ஒடம்ப எப்படிக் கொண்டு வர்றது?

தல்லாகுளம்_மேடை:
அடுத்த மாசம் எங்க குழு நாடகம். எனக்கு வயசான டெய்லர் வேஷம். மதுரை மீனாட்சி கோயில் பக்கத்துல இருக்குற புதுமண்டபத்துல காலம் பூரா மிஷின் மிதிச்சவரு, இப்ப திண்ணையில உக்காந்து பழசு தைக்கிறாரு. பேத்தி கல்யாண ஜாக்கெட்டைத் தானே தைக்கணும்னு பிடிவாதம். கண்ணு மங்கிப்போச்சு, ஆனா யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. டைரக்டர் கூன் வேண்டாம், கை நடுக்கம் வேண்டாம், இருமல் வேண்டவே வேண்டாம்ங்கிறாரு. அப்புறம் என்னதாங்க மிச்சம்?

சிம்மக்கல்_டீ:
கண்ணாடிய மூக்கு நுனியில போடுங்க, சோலி முடிஞ்சது.

ஆல்ரவுண்டு:
தம்பி, நான் நடிகன் இல்ல. ஊர்த் திருவிழாவுல போடுற ஸ்பெஷல் நாடகத்துல ஆல்ரவுண்டு, அதாவது டிரம்மும் மத்த சத்தங்களும், வாசிக்கிறவன். ராத்திரி பத்து மணிக்கு உக்காந்தா விடியுற வரைக்கும் ஆளுங்க காலையும் கையையும் பாக்குறதுதான் பொழப்பு. எங்க நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, மேடையிலதான் சந்திப்பாங்க. அதனால ஆளு உள்ள வர்ற நடையிலயே இது யாருன்னு சனத்துக்குத் தெரிஞ்சிரணும்.

உங்க டைரக்டர் சொல்றது சரி. வயச அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல தொழில் அந்தாளு ஒடம்புல எங்க ஏறி உக்காந்திருக்குன்னு பாருங்க. புதுமண்டபத்துக் கடைகளக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்கள்ல, அங்க போங்க. வயசான டெய்லர் ஒருத்தர்கிட்ட கேட்டுக்கிட்டு ஓரமா உக்காருங்க. பத்து பேரப் பாக்காதீங்க, அந்த ஒருத்தர் போதும். துணியக் கையில வாங்கினதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதத் தேச்சுப் பாக்கும். ஆளு வந்து நின்னா மொகத்துக்கு முந்தி தோள்பட்டையத்தான் கண்ணு அளக்கும். வெறும் நாற்காலியில உக்கார வச்சாலும் உங்க ஆளு காலு தரைய மிதிச்சுக்கிட்டே இருக்கட்டும்.

அடுத்து கண்ணு. கிட்டத்துல தெரியாதவரு ஊசியக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போக மாட்டாரு, கைய நீட்டித் தள்ளிப் பிடிப்பாரு, வெளிச்சத்துப் பக்கம் திரும்புவாரு. நூல் நுனிய எச்சில்படுத்தி ரெண்டு தரம் குத்துவாரு, போகாது. ஒடனே பேத்திகிட்ட, "கை எண்ணெய்யா இருக்கு, நீ கோத்துக் குடு தாயி." அந்தப் பொய்யச் சொல்லும்போது கை வேட்டியில தொடைக்கணும். அதுல அம்புட்டு வயசும் வந்துரும்.

ஒரே நாடகத்துல இத ஒரு தடவைக்கு மேல செஞ்சிராதீங்க, சனம் சிரிச்சிரும். பபூனுக்குத்தான் அது லாபம்.

பின்வரிசை:
அண்ணே, ஊசி கோக்குறது எட்டாவது வரிசைக்குத் தெரியாதே! கைய நீட்டுறது மட்டும்தான் தெரியும், அதத் தாராளமாச் செய்யச் சொல்லுங்க. இன்னொண்ணு, மைக்கேல் செக்கோவ்னு ரஷ்ய நடிகர் ஒருத்தர் சொல்லிக் குடுத்த பயிற்சி இருக்கு. ஒடம்புல ஒரு எடத்த மையமாக் கற்பனை பண்ணிக்கிட்டு, அங்கிருந்தே நடக்கணும். புருவ நடுவுல வச்சுப் பாருங்க, கழுத்து தானா முன்னாடி நீளும். தொப்புள்ல வச்சா டெய்லர் போயி மிராசுதார் வந்துருவாரு.

24 வயசுன்னு மலைக்காதீங்க. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளோட பசங்க நாடகக் குழு, தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, 1918ல நம்ம மதுரையில ஆரம்பிச்சது, அதுல பெரியவங்க வேஷத்தையும் சின்னப் பசங்கதான் கட்டினாங்க. அங்க பையனாச் சேர்ந்த டி.கே. சண்முகம் பின்னாடி ஔவையாராவே நடிச்சு, ஔவை சண்முகம்னே பேராகிப் போச்சு.

தல்லாகுளம்_மேடை:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. இன்னைக்கு வேட்டி கட்டி, கழுத்துல இஞ்ச் டேப்போட செஞ்சு பாத்தேன். காலு மிதிக்க மிதிக்க வசனமும் அதே வேகத்துல ஓடுது. நிறுத்த முடியல.

ஆல்ரவுண்டு:
மிஷின் ஓடுறப்ப எந்த டெய்லர் தம்பி பேசுறாரு? மிதிய நிறுத்திட்டுப் பேசுங்க, பேசி முடிச்சு மிதிங்க. பேத்திக்கு விஷயம் தெரிஞ்சுபோற சீன்ல மட்டும் பேசி முடிச்சும் காலு அசையாம இருக்கட்டும்.