வீட்டில் நாலு பேர், நாலு விதமாகச் சாப்பிடுகிறோம். எந்தப் புத்தகம் வாங்கலாம்?

காலை ஏழரை:
வணக்கம். மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது, கண்ணும் கொஞ்சம் மங்கல். மகன் வேலை கிடைத்துச் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், அவனிடம் இருப்பது ஒரு மின்னடுப்பும் ஒரு குக்கரும்தான். மகளுக்குச் சமைப்பதில் ஆர்வம் இல்லை, ஆனால் சாப்பாட்டைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பாள். நான் ஏழரைக்குள் டப்பா கட்டிவிட்டு பஸ் பிடிக்க வேண்டும்.

காய்கறி கூடச் சாப்பிடலாம் என்று போன மாதம் ஒரு சாலட் புத்தகம் வாங்கினேன். படங்கள் அழகு. ஆனால் முதல் பத்துப் பக்கத்திலேயே அவகாடோ, ஆலிவ், ஏதோ ஒரு சீஸ் என்று வருகிறது, எங்கள் தெருக் காய்க்கடையில் வெள்ளரியும் கேரட்டும் முள்ளங்கியும்தான் இருக்கின்றன. எங்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.

நூலக மேசை:
நாலு பேருக்கும் ஒரே புத்தகம் தேடாதீர்கள். இருபது வருடமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன், சமையல் புத்தகத்தில் எல்லாருக்கும் பொருந்துவது என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

மகனுக்கு எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951ல் முதலில் வந்தது, சைவச் சமையல். கல்யாணமாகி வெளியூர், வெளிநாடு போகிற பெண்களுக்குக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இருந்தது, தனியாகத் தங்குகிற பையனுக்கும் அதே காரணத்துக்காகப் பொருந்தும். பக்கத்தில் அம்மா நின்று சொல்வது போலப் படிப்படியாக இருக்கும். முதல் பாகம் போதும். பழைய பதிப்பு கிடைத்தால் அளவைப் பார்த்து மிரள வேண்டாம்: கிராம், லிட்டர் நம் கடைகளுக்கு வருவதற்கு முன் எழுதியது, அதனால் ஆழாக்கு, படி, பலம் என்று இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு பலம் சுமார் 35 கிராம். ஒரே டம்ளரை ஆழாக்காக வைத்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே அளந்தால் விகிதம் தப்பாது. பாதியில் டம்ளரை மாற்றினால்தான் பிரச்சினை.

மகளுக்கு கே.டி. அச்சயா. உணவு விஞ்ஞானி, இந்திய உணவின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1994ல் வந்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்று படித்த பிறகு, மிளகாய்க்கு அந்தப் பெயர் மிளகிலிருந்து வந்தது என்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் வேறு மாதிரி ரசிப்பார்கள்.

கீரைக்கட்டு:
சாலட்டுக்குப் புத்தகமே வேண்டாம் அக்கா, கோசுமல்லி இருக்கிறதே! ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு செய்வதை எதற்கு வருடத்துக்கு ஒரு நாளோடு நிறுத்த வேண்டும்?

பாசிப்பருப்பை முக்கால் மணி நேரம் ஊற வையுங்கள். நகத்தால் அழுத்தினால் பருப்பு உடைய வேண்டும், ஆனால் மாவாகக் கூடாது. தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, பொடியாக நறுக்கிய வெள்ளரி, தேங்காய்த் துருவல், கிடைத்தால் மாங்காய். கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். உப்பும் எலுமிச்சையும் சாப்பிடும்போதுதான், முன்னாலேயே உப்புப் போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு டப்பாவின் அடியில் குளம் கட்டிவிடும். நான் உப்பைச் சின்னப் பொட்டலமாக மடித்து மூடிக்குள் வைத்து அனுப்புகிறேன், எலுமிச்சை ஒரு துண்டு. மாமியாருக்குப் பல் வலுவில்லை என்றால் வெள்ளரிக்குப் பதில் கேரட்டைத் துருவிப் போடுங்கள்.

யாழ் வாசகி:
நாங்கள் இதற்குச் சம்பல் என்போம். வல்லாரையை அலசி, ஈரம் போக உதறி, கட்டாகச் சுருட்டிப் பிடித்து மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ (துருவல்), தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துக் கையால் பிசைந்தால் முடிந்தது. அடுப்பே வேண்டாம் என்பதால் அறையில் இருக்கும் தம்பிக்கும் ஏற்றது.

எண் பார்ப்பவன்:
மாமியாருக்காக ஒன்று. ‘சர்க்கரைக்கு’ என்று அட்டையில் போட்ட புத்தகங்களை வாங்குமுன் யோசியுங்கள், நான் மூன்று வாங்கினேன், ஒன்றில் கூட எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவுப் பட்டியலில் 528 பொருட்கள் இருக்கின்றன, நம் கீரைகளும் சிறுதானியங்களும் சேர்த்துத்தான். படித்து ரசிக்கிற புத்தகம் இல்லை. ஆனால் கேழ்வரகிலும் மாவுச்சத்து நிறைய உண்டு, அரிசிக்குப் பதில் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்பது சரியில்லை என்று அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பழமும் காயுமாக ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாள் எடை போட்டுப் பாருங்கள், நாம் நினைப்பதைவிடப் பெரிய குவியல்.

காலை ஏழரை:
எல்லாருக்கும் நன்றி. மகனுக்கு முதல் பாகம் வாங்கிவிட்டேன். மகள் அச்சயாவை நூலகத்தில் தேடப் போகிறாள். கோசுமல்லியில் பச்சை மிளகாய்க்குப் பதில் மிளகைத் தட்டிப் போட்டேன், மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். உப்புப் பொட்டலம் கட்டிய டப்பா காலியாக வந்தது. இங்கே வல்லாரை தண்டோடுதான் கட்டாக வருகிறது, தண்டையும் சேர்த்து அரியலாமா?

யாழ் வாசகி:
இளந்தண்டு என்றால் அரியலாம் அக்கா. முற்றியது நார் போலப் பல்லில் மாட்டும், மாமியாருக்குக் கொடுப்பதில் இலை மட்டும் போடுங்கள்.