மறு: பயோஃபிலிக் டிசைன் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மரம், செடி, நீர் என்று இயற்கையைக் கட்டடத்தோடு சேர்த்து அமைப்பதுதான் பயோஃபிலிக் டிசைன். அதற்குத் தமிழில் குழுவில் வந்த இரண்டு பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> ‘பசுமை வடிவமைப்பு’ போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. பசுமைக் கட்டடம் என்றாலே மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகும் கட்டடம் என்று ஆகிவிட்டது. நாம் பேசுவது உள்ளே இருப்பவர் உடம்பைப் பற்றி. ரோஜர் உல்ரிச் 1984-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 23 பேருக்குச் சன்னலில் மரங்கள் தெரிந்தன, இன்னொரு 23 பேருக்குப் பழுப்புச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இதில் மின்கட்டணத்துக்கு என்ன வேலை?

> ‘உயிர்நேய வடிவமைப்பு’

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் உயிர்நேயம் என்றதும் வள்ளலார்தான் நினைவுக்கு வருகிறார். தெருநாய்க்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கிற திட்டமோ என்று நினைத்துவிடுவார்கள். உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் சொன்ன பயோஃபிலியா கருணை அல்ல, பிற உயிர்கள் பக்கம் நம்மை இழுக்கிற பிறவிக்குணம். அந்தக் கருத்துக்கு ‘உயிர்நாட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டம் ஆளுக்கு இருக்கும், கட்டடத்துக்கு இருக்காதே. அதனால் வடிவமைப்புக்குத் தனிச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை: இயற்கைதோய் வடிவமைப்பு. முகில்தோய் மலை என்கிறோமே, அதுபோல வினைத்தொகை. இயற்கைதோய் பள்ளி, இயற்கைதோய் மருத்துவமனை என்று எதோடும் ஒட்டும்.

சிங்கப்பூர் யீஷூனில் 2010-இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு இந்தச் சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். நடுமுற்றத்தில் தோட்டம், மாடித் தாழ்வாரங்களில் தொங்கும் செடிகள், மொட்டைமாடியில் காய்கறிப் பாத்திகள், பக்கத்திலேயே குளம். 2017-இல் இந்த வடிவமைப்பின் முன்னோடி ஸ்டீபன் கெல்லர்ட் பெயரிலான விருதை முதன்முதலில் வாங்கியதும் இதுதான். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடு வேறு. செய்தி எழுதுகிறவருக்கு இந்தச் சொல் உடனே கைகொடுக்கும்.

ஒரு சிக்கல் பாக்கி. கெல்லர்ட் வகைப்பாட்டில் மரத்தின் வரிகள் தெரியும் மேசை, சுவரில் மாட்டிய அருவிப் படம் எல்லாம்கூட இயற்கையின் மறைமுக அனுபவமாகச் சேரும். படம் மாட்டிய அறையை ‘இயற்கைதோய் அறை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோய்வதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஆனால் அந்த வகையைத் தள்ளிவிட்டால் துறைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குழுவில் கட்டடக்கலை படித்தவர்கள் சொல்லுங்கள்: ‘தோய்’ இருக்கட்டுமா, ‘இயற்கையிணை’ என்று மாற்றிவிடலாமா?