துப்பாக்கி ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குறுக்குக் கோடு கண்ணெதிரே காணாமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

மேற்குவெளி:
போன மே மாதம் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் வால்கெட் பக்கம் ஒரு பண்ணை. நம் ஊருக்குக் கொண்டைக்கடலை ஏற்றுமதி செய்யும் வயல்கள் நிறைய உள்ள பகுதி. விதைத்த கடலையைக் காட்டுப்பன்றிகள் வரிசை வரிசையாகத் தோண்டித் தின்றுவிடுகின்றன என்று பண்ணைக்காரர் கூப்பிட்டிருந்தார். என்னிடம் .308 ரைஃபிள். அதன் மேல் புதிதாக வாங்கிய 4-16×44 ஸ்கோப், அதாவது 4 முதல் 16 மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 44 மி.மீ. எஃப்எஃப்பி வகை (பெருக்கத்தை மாற்றினால் கோட்டின் அளவும் சேர்ந்து மாறும்), உள்ளே கிறிஸ்துமஸ் மரம் போல நிறையக் கோடும் புள்ளியும். விலை மலிவு. கடையில் எதிர்ச் சுவரிலிருந்த விளம்பர எழுத்தைப் பார்த்தேன், பளிங்கு மாதிரி தெரிந்தது. உடனே பணத்தைக் கட்டிவிட்டேன்.

சூரியன் மறைந்து கால் மணி நேரம் இருக்கும். லிக்னம் புதரை ஒட்டி 60 மீட்டரில் ஒரு பெரிய கிடாப் பன்றி, நல்ல கறுப்பு. ஸ்கோப்பை 4இல் வைத்துக் கண்ணைக் கொண்டுபோனேன். பன்றி தெரிகிறது, காது தெரிகிறது, வாயில் ஒட்டிய மண்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. ஆனால் குறுக்குக் கோடு இல்லை. நிஜமாகவே இல்லை. துடைத்து எடுத்த மாதிரி. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் வானம் இருக்கும் பக்கம் மயிரிழை போல ஒரு கோடு வருகிறது, பன்றியின் உடம்பைத் தொட்டதும் கரைந்துவிடுகிறது.

சரி, கோட்டை ஒளிரவைக்கும் விளக்கு இருக்கிறதே என்று குமிழைத் திருப்பினேன். ஐயோ. கோடு மட்டும் சிவக்கவில்லை, கண்ணாடி முழுக்கக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அதில் பன்றியும் மறைந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கண் கூசிப்போய் எதுவும் தெரியவில்லை. அந்தக் கிடா அவ்வளவு நேரமும் அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சுடவில்லை. குறி எங்கே என்று தெரியாமல் எப்படிச் சுடுவது?

பண்ணைக்காரர் பக்கத்தில் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டிக்குப் போகிற வழியில் மட்டும், "துப்பாக்கியில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இன்னும் குடைகிறது.

பெல்லட்பிரியன்:
அண்ணா, நான் கோயம்புத்தூர். பன்றி, .308 எல்லாம் நமக்கு எட்டாத உயரம். .177 ஸ்பிரிங் ஏர் கன் ஒன்று வைத்திருக்கிறேன், 20 ஜூலுக்கு உட்பட்டது, உரிமம் தேவையில்லாத வகை. சுடுவது காகிதத்தை மட்டும். தென்னந்தோப்பில் 20 மீட்டர், பின்னால் மண் மேடு. (அணில் தேங்காயைக் கடிக்கிறது, அதைச் சுடலாமே என்று யாரும் வர வேண்டாம். அதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.)

எனக்கும் இதே கதைதான், ஆனால் பட்டப்பகலில்! அச்சடித்த இலக்குத் தாளின் நடுவட்டம் முழுக் கறுப்பு. ஸ்கோப்பின் கோடும் கறுப்பு. வட்டத்துக்குள் கோடு நுழைந்ததும் எது எங்கே என்று தெரியாது. நான் என் கண்ணில்தான் கோளாறு என்று டாக்டரிடம் போய் 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் வீட்டுக்காரியின் ஸ்டிக்கர் பொட்டை வெள்ளைத் தாளில் ஒட்டிச் சுட்டேன். அரக்குச் சிவப்புப் பொட்டு, அதன் மேல் கறுப்புக் கோடு, தெளிவாக இருந்தது.

அப்புறம்தான் பெரிய கூத்து. ஏறத்தாழ 300 பெல்லட் ஆனதும் ஒரு நாள் பார்க்கிறேன், கூட்டல் குறி பெருக்கல் குறியாகி இருக்கிறது! ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் சுற்றிவிட்டதோ என்று பார்த்தால் மவுண்ட் கல் மாதிரி நிற்கிறது. உள்ளே ரெட்டிகிளே (குறுக்குக் கோட்டு அமைப்பு) சாய்ந்துவிட்டது. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னாலும் இழுக்கும். இந்த இரண்டாவது உதையைச் சாதாரண ஸ்கோப் தாங்காது என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. பெரிய துப்பாக்கிக்குத் தாங்குகிற ஸ்கோப் ஏர் கன்னுக்குத் தாங்காதா என்று நானும் நினைத்துத்தான் வாங்கினேன்.

ஐம்பத்தாறு:
மேற்குவெளி அவர்களே, உங்கள் பிரச்சினை 44 மி.மீ. முன்கண்ணாடி. அந்தி வேட்டைக்கு 56 மி.மீ., 30 மி.மீ. குழாய். அதற்குக் குறைந்து வாங்கினால் இப்படித்தான். குழாய் பெரிதானால் வெளிச்சம் அதிகம் வரும். கஞ்சத்தனம் பார்த்தால் பன்றி சிரிக்கும்.

வடதுருவத்தான்:
நான் நோர்வேயில் இருக்கிறேன். எனக்குக் கோடு நல்லாத் தெரிந்தது. கண்தான் போகப் பார்த்தது.

இங்கே எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போவதென்றால் ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வு பாஸ் பண்ண வேண்டும். 30 பயிற்சிச் சூடு, பிறகு 100 மீட்டரில் ஒரு மானின் உருவத்தில் 5 சூடு, ஐந்தும் உள்ளே விழ வேண்டும். வேலையிடத்து ஆட்களோடு முதல் தரம் போனேன். பழைய .30-06 ரைஃபிள், அதில் ஒரு மலிவு 3-9×40. பெட்டியில் ஐ ரிலீஃப் (கண்ணுக்கும் கண்பக்கக் கண்ணாடிக்கும் இருக்க வேண்டிய தூரம்) 3.5 அங்குலம் என்று போட்டிருந்தது. கடையிலும் நின்றுகொண்டு, மெல்லிய சட்டையோடு, 3இல் வைத்துப் பார்த்தேன். முழு வட்டம், ஒரு குறையும் இல்லை.

தேர்வில் குப்புறப் படுத்துச் சுட்டேன். 100 மீட்டர் என்றபடியால் 9க்குத் திருப்பினேன். ஓரத்தில் கறுப்பு வளையம் வந்தது. அது போக வேண்டுமென்று தலையை முன்னுக்குத் தள்ளினேன், வட்டம் நிறைந்தது, விசையை இழுத்தேன். டக் என்று ஒரு சத்தம், அது வெடிச்சத்தம் இல்லை, ஸ்கோப் வந்து முட்டிய என் புருவத்து எலும்பு. இடது கையில் சூடாக ஏதோ சொட்டியது. தேர்வாளர் ஓடி வந்து பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, "மிச்சம் நாலையும் சுடுகிறாயா?" என்று கேட்டார். சுட்டேன். நாலிலும் விசையைத் தொடும்போதே கண்ணை மூடினேன். ஃபெயில்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "யாரோடயடா சண்டை?" என்றா. பிறை மாதிரி ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகுதான் அளந்து பார்த்தேன். 3இல் 95 மி.மீ., 9இல் 78. பெட்டியில் போட்டது எதற்கு என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஐம்பத்தாறு:
அது ஸ்கோப்பின் தப்பு இல்லை. தோளில் இறுக்கிப் பிடிக்கவில்லை நீங்கள்.

வடதுருவத்தான்:
இறுக்கித்தான் பிடித்தேன் அண்ணை. குப்புறப் படுத்தால் கழுத்து முன்னுக்கு வரும், கண் இரண்டு விரல் அளவு கண்ணாடிக்குக் கிட்டப் போய்விடும். நின்று பார்த்துப் பூட்டிய ஸ்கோப் படுக்கும்போது அடிக்காமல் என்ன செய்யும்? மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் இதே கதைதான்.

நாரைநோக்கி:
நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, மன்னிக்கவும். ஆனால் ஐ ரிலீஃப் என்று பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை. கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள், என் பைனாகுலரில் மட்டும் உறிஞ்சுகுழல் வழியாகப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வட்டம். கண்ணாடி போட்டவன் நான். அந்த 8×42இன் ஐ ரிலீஃப் 11 மி.மீ. கண்ணாடி போட்டவர்களுக்கு 15, 16 ஆவது வேண்டும் என்பது பூநாரை போன பிறகு தெரிந்தது.

பட்டறைப்பெரியவர்:
எல்லாவற்றையும் படித்தேன். ராணுவத்தில் பார்வைக் கருவிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவன் நான். என் அனுபவம் சின்னது. ஓய்வுபெற்ற பிறகு ஒரு நண்பர் .22 ரைஃபிளின் ஸ்கோப்பைக் கொண்டுவந்து கோடு மங்கல் என்றார். கண்பக்கத்து வளையத்தை அவர் திருப்பினார், அவர் மகன் திருப்பினான், நானும் திருப்பினேன். அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் மனிதர் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்.

இனி யாரும் கேட்காத விஷயம். முதலில் ஐம்பத்தாறு தம்பிக்கு. முன்கண்ணாடி அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவதுதான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம். 44ஐ 4ஆல் வகுத்தால் 11 மி.மீ. இருட்டில் இளவயதுக்காரன் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டினால் 5 ஆனாலே பெரிது. 11ஏ வழிந்து கொட்டுகிறது, 56 வைத்து 14 ஆக்கி யாருக்கு ஊற்றப் போகிறாய்? பெரிய முன்கண்ணாடி பெரிய பெருக்கத்தில்தான் உதவும். குழாய் பருமனால் வெளிச்சம் கூடாது, கோட்டை மேலும் கீழும் நகர்த்த இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மேற்குவெளிக்கு வெளிச்சம் குறையவில்லை, பன்றியின் வாய் மண்ணே தெரிந்திருக்கிறது. குறைந்தது கோட்டின் தடிமன். எஃப்எஃப்பியில் கோடு பெருக்கத்தோடு சேர்ந்து தடிக்கும், மெலியும். 16இல் அழகாகத் தெரிவது 4இல் சிலந்தி நூல். அந்தி நேரத்தில் யாரும் 16 வைப்பதில்லை. இதற்கு மாற்றாக மூன்று பக்கமும் தடித்த கம்பம் வைத்த ஜெர்மன் நான்காம் எண் ரெட்டிகிள் இருக்கிறது. லியூபோல்ட் நிறுவனம் 1962இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் இருக்கிறது, வெளியே தடிமன், நடுவில் மெல்லிசு. நடுக்கோடு மறைந்தாலும் நாலு தடிப்பும் காட்டுகிற இடைவெளியில் குறி வைக்கலாம். மலிவு ஸ்கோப்பில் கோடு எத்தனை என்று எண்ணாதீர்கள், எவ்வளவு தடிமன் என்று பாருங்கள்.

அடுத்தது பார்க்கும் முறை. கடையின் ட்யூப்லைட்டில் எல்லா ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப்புதான். ஸ்கோப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, சாயங்காலம் வாசலுக்கு வந்து ஏதாவது இருண்ட புதரைப் பாருங்கள், மிகக் குறைந்த பெருக்கத்தில். விளக்கு வைத்த ரெட்டிகிளானால் அதே இருட்டில் மிகக் குறைந்த அளவில் போடுங்கள். அப்போதும் கண்ணாடி முழுக்கச் சிவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐ ரிலீஃபை வீட்டிலேயே அளக்கலாம். முன்கண்ணாடி மேல் ஒரு டிஷ்யூ தாளை மூடி, அதன் மேல் செல்போன் டார்ச்சை அடியுங்கள். கண்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் ஒளிவட்டம் கூர்மையாக விழும். கண்பக்கக் கண்ணாடியிலிருந்து அந்த அட்டை வரை உள்ள தூரம்தான் ஐ ரிலீஃப். வட்டத்தின் குறுக்களவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பெருக்கத்தால் பெருக்கினால் 40 என்று போட்ட முன்கண்ணாடியில் நிஜமாக எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். குறைந்த பெருக்கத்தில் பல ஸ்கோப்புகள் உள்ளேயே ஒளியை வெட்டிவிடுகின்றன. உச்சப் பெருக்கத்திலும் ஒரு தரம் அளக்க வேண்டும், நோர்வேத் தம்பியை அடித்தது அந்த எண்தான். சூரியனைப் பார்த்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், கண் போய்விடும்.

பூட்டும்போது துப்பாக்கி காலியா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்த பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முழு வட்டம் வராவிட்டால் ஸ்கோப்பைத்தான் நகர்த்த வேண்டும், தலையை அல்ல. படுத்தும் உட்கார்ந்தும் செய்து பாருங்கள், வேட்டைக்குப் போடுகிற தடித்த உடுப்போடு. குளிர் ஜாக்கெட் துப்பாக்கியை முன்னால் தள்ளிவிடும், அப்போது கணக்கு மறுபடி மாறும்.

கோட்டைக் கூர்மையாக்கக் கண்பக்கத்து வளையத்தைத் திருப்பும்போது வெள்ளைச் சுவரைப் பார்த்து இரண்டு நொடிதான் பார்க்க வேண்டும், பிறகு கண்ணை எடுத்துவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மங்கலைக் கண்ணே சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றும்.

நீண்டுவிட்டது. பேரன் கூப்பிடுகிறான்.

ஐம்பத்தாறு:
ஐயா, கணக்கு சரி. ஆனால் 56 வைத்துப் பார்க்கும்போது மனசுக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

பெல்லட்பிரியன்:
அதற்குத்தான் கோயில் கோபுரம் இருக்கிறதே.

ஐயா, ஒரு சந்தேகம். 15 மீட்டரில் 9இல் வைத்தால் எனக்கு எல்லாமே புகை மூட்டம். கண்பக்கத்து வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

பட்டறைப்பெரியவர்:
அந்த வளையம் கோட்டுக்கு, இலக்குக்கு அல்ல. உன் ஸ்கோப் 100 கஜத்துக்கு நிலைப்படுத்தியது, அவ்வளவு கிட்டத்தில் தெளியாது. முன்கண்ணாடியைத் திருப்பி 10 மீட்டர் வரை கொண்டுவரக்கூடிய வகை வேண்டும். அதுவரை 4இல் வைத்துச் சுடு.

மேற்குவெளி:
டிஷ்யூ சோதனையைச் செய்துவிட்டேன். 4இல் 11 மி.மீ. வர வேண்டும், வந்தது 7. ஆக 44இல் 28தான் வேலை செய்கிறது! ஐ ரிலீஃப் 4இல் 92, 16இல் 80.

நேற்று சாயங்காலம் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஸ்கோப்பை மட்டும் ஜன்னலில் வைத்துக் கொல்லைப்புறத்துக் கறுப்புக் குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். 5.25க்கு என் கோடு மறைந்தது. பக்கத்திலேயே பண்ணைக்காரரின் பழைய 4×32, தடித்த கம்பம் போட்டது, தூசி, ஒரு கீறல். 5.50 வரை அதில் கோடு தெரிந்தது. அன்று வண்டியில் ஏறும்போது அவராகவே எடுத்துக் கையில் கொடுத்தது. ஆறு வாரம் ஆகிறது, இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.