2001 எஸ்டீமை ட்யூன் செய்ய எந்த லேப்டாப்?

எஸ்டீம்2001:
வணக்கம். 2001 மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரில் தெளிக்கும்) எஞ்சின். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான கம்பெனி ஈசியுவைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, நாமே ட்யூன் செய்துகொள்ளக்கூடிய மெகாஸ்கொயர்ட் 2 ஈசியு மாட்டியிருக்கிறேன். செட்டிப்பாளையம் கரி ட்ராக்கில் ஓட்ட மட்டும்தான். வண்டி ட்ரெய்லரில் போய் ட்ரெய்லரில் வரும், ஆகவே வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை யாரும் எடுத்துப் படிக்க வேண்டாம். எஞ்சின் ஒருவழியாக ஐடிலில் நிற்கிறது. ஆனால் 4000 ஆர்பிஎம் தாண்டினால் ஒரு சின்னத் திக்கல் வருகிறது, அதோடு லேப்டாப்பில் ஓடும் ட்யூனிங் மென்பொருளான ட்யூனர்ஸ்டூடியோவில் ஈசியுவுடன் தொடர்பு அறுந்துவிடுகிறது. இப்போது இணைத்திருப்பது விண்டோஸ் 11 லேப்டாப், யூஎஸ்பி சீரியல் கேபிள். பரணில் ஒரு டெல் லாட்டிட்யூட் டி630 இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி போட்டது, நிஜமான 9 பின் சீரியல் போர்ட் உள்ளது. அதை இறக்கலாமா?

கரி_பிட்லேன்:
இறக்கு தம்பி, யோசிக்கவே வேண்டாம். சீரியல் போர்ட்டில் கேபிளை ஸ்க்ரூ போட்டு முறுக்கலாம், குலுக்கலில் கழன்று வராது. போர்ட் எண் காம்1 என்றால் என்றைக்கும் காம்1. டிரைவர் என்ற பேச்சே இல்லை. நெட்டில் இணைக்காத லேப்டாப் நடுவில் அப்டேட் கேட்டு நிற்காது. மேலே ஆயில் கொட்டினாலும் நெஞ்சு வலிக்காது. பிட்டில் மே மாத வெயிலும் புழுதியும் எப்படி என்று தெரியும்தானே? அங்கே ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

டேட்டாலாக்:
அண்ணா, டி630 வந்தது 2007இல். அதன் பேட்டரி இப்போது பத்து நிமிடம் நிற்குமா? நிற்காது. உடனே சிகரெட் லைட்டரில் இன்வெர்ட்டர் மாட்டி சார்ஜ் போடுவீர்கள், அந்த மின் இரைச்சல் முழுக்க சீரியல் கேபிளின் எர்த் வழியாக ஈசியுவுக்குள் போகும். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் வேறு, ட்ராக்கின் ஓர மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கினால் அதன் கதி என்ன? அப்புறம் ட்யூனர்ஸ்டூடியோ ஜாவாவில் எழுதியது. ஜாவா 8 முதலே எக்ஸ்பிக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து ஓட்டுவதற்குப் பதில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் வைத்த நல்ல யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது.

கரி_பிட்லேன்:
நல்ல கேபிள் என்று நீ சொல்லிவிட்டாய், வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஆன்லைனில் 250 ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் இருந்தது போலி சிப். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு போனது. 2014இல் எஃப்டிடிஐ வெளியிட்ட டிரைவர் போலி சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்தது, அது விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்து இறங்கியது. நேற்று வேலை செய்த கேபிள் இன்று செத்துக் கிடக்கும். என் சீரியல் போர்ட்டுக்கு அந்தத் தலைவலி உண்டா?

டேட்டாலாக்:
போலிக்கு வந்த வினையை அசலின் தலையில் கட்டினால் எப்படி அண்ணா? அசல் கேபிளை வாங்கி எப்போதும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகினால் காம் எண் மாறாது. டிவைஸ் மேனேஜரில் லேட்டன்சி டைமர் (தரவை அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) 16 மில்லி நொடி என்றிருக்கும், அதை 1 ஆக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாமலேயே யூஎஸ்பி மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள். யூஎஸ்பிக்கு மின்சாரத்தை நிறுத்தும் பவர் சேவிங், ஸ்லீப் இரண்டையும் அணைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

வீக்எண்ட்_டிரைவர்:
எதற்கு இவ்வளவு கஷ்டம்? வண்டியின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) துளையில் செருகும் 400 ரூபாய் இஎல்எம்327 புளூடூத் டாங்கிள் வாங்கி போனில் பார்க்கலாமே.

கரி_பிட்லேன்:
எதில் செருகுவது? இந்தியாவில் ஓபிடி கட்டாயமானது 2010இல். இது 2001 வண்டி. செருகத் துளை இருந்தாலும் அது படிக்க மட்டும்தான், ஈசியுவில் உள்ள பெட்ரோல், ஸ்பார்க் அட்டவணையை மாற்றாது.

மல்டிமீட்டர்:
அண்ணனும் தம்பியும் லேப்டாப்பை வைத்துச் சண்டை போடுகிறீர்கள், கேட்டவர் எழுதியதை ஒருவரும் முழுசாகப் படிக்கவில்லை. தொடர்பு அறும்போது திக்கலும் வருகிறது என்கிறார். லேப்டாப் கேபிளைப் பிடுங்கி எறிந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓட வேண்டும். ஈசியுவுக்கு லேப்டாப் தேவையே இல்லை. எஞ்சின் திக்குகிறது என்றால் கோளாறு வண்டிக்குள் இருக்கிறது.

எஸ்டீம்2001, டேட்டா லாக்கில் செக்எல் என்று ஒரு வரிசை இருக்கும். ஈசியு உயிர் பெற்றதிலிருந்து எத்தனை நொடி என்ற கணக்கு. தொடர்பு திரும்பி வந்த பிறகு அந்த எண் விட்ட இடத்திலிருந்து ஏறிக்கொண்டு போனால் கேபிளையோ லேப்டாப்பையோ மாற்றுங்கள். பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தால் ஈசியுவே ரீசெட் ஆகியிருக்கிறது. அப்போது எர்த், மின்சாரம், ஸ்பார்க் இரைச்சல் இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக், இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் பிளக்கா? ஈசியுவின் எர்த் வயர்கள் எங்கே போகின்றன?

எஸ்டீம்2001:
பார்த்தேன். மூன்று தடவை அறுந்தது, மூன்று தடவையும் பூஜ்யம். பிடிவாதமாக டி630ஐயும் இறக்கி மாட்டிப் பார்த்தேன். அதிலும் அதே கதை. பிளக் ரெசிஸ்டர் பிளக்தான். எர்த் வயர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில்.

மல்டிமீட்டர்:
பெயின்ட் மேலேயா? எல்லா எர்த் வயரையும் சேர்த்து எஞ்சின் ஹெட்டில் ஒரே இடத்தில், பளபளவென்று சுரண்டிய உலோகத்தில் முறுக்குங்கள். சென்சார் எர்த் மட்டும் ஈசியுவுக்கே திரும்பிப் போகட்டும்.

எஸ்டீம்2001:
பெயின்ட் மேலேதான். வெட்கமாக இருக்கிறது. மாற்றிவிட்டேன். 6000 வரை ஒரு திக்கலும் இல்லை. விண்டோஸ் 11 லேப்டாப், அதே கேபிள். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில்தான் ஓட்டினேன்.

டேட்டாலாக்:
கேபிளைக் குறை சொன்னவர்கள் கவனிக்கவும்! இனி புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை நம்பி ட்யூனர்ஸ்டூடியோவில் விஇ அனலைஸ் போடுங்கள். எஞ்சின் 70 டிகிரி தாண்டிய பிறகு நான்கைந்து லாப் ஓடினால் விஇ அட்டவணை (பெட்ரோல் அளவுக்கு அடிப்படையானது) தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். முடிந்ததும் ஈசியுவில் நிரந்தரமாகச் சேமிக்கும் பர்ன் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். அழுத்தாமல் சாவியைத் திருப்பி அணைத்தால் அத்தனையும் போய்விடும்.

கரி_பிட்லேன்:
கேபிளில் நீ ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன். இதில் விட மாட்டேன். தானாக ஒழுங்குக்கு வருவது பெட்ரோல் கணக்கு மட்டும். ஸ்பார்க் அட்டவணை தானாக வராது, எஞ்சினை உடைப்பதும் பெரும்பாலும் அதுதான். லேப்டாப் திரையில் ஸ்பார்க் டைமிங் 10 டிகிரி என்று காட்டுவதும் கிராங்க் புல்லியில் 10 டிகிரி இருப்பதும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ட்ரிக்கர் ஆஃப்செட்டை டைமிங் லைட் பிடித்துச் சரி பார்க்காமல் ட்ராக்கில் இறங்கினால் எந்த லேப்டாப்பும் பிஸ்டனைக் காப்பாற்றாது. இன்னொன்று, பங்க்கில் ஊற்றுவது இப்போது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குச் சரியான காற்று-எரிபொருள் கலவை 13.5 பக்கம். ஆனால் வைட்பேண்ட் மீட்டர் பெட்ரோல் அளவுகோலில் லாம்டா 1ஐ (சரியான கலவையை) 14.7 என்றே காட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் லாம்டாவிலேயே பார். முழு ஆக்ஸிலரேட்டரில் 0.85.

டேட்டாலாக்:
லாம்டா விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. டைமிங்கும் சரி. ஆனால் கையால் ஒவ்வொரு கட்டமாக அட்டவணையை நிரப்பச் சொன்னால் 16க்கு 16, 256 கட்டம். பேரன் பிறந்துவிடுவான்.

கரி_பிட்லேன்:
முதல் ஓட்டத்துக்கு அனலைஸ் போடட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் லேப்டாப்பைப் பார்க்கப் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார வேண்டும். ஓட்டுகிறவன் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. அதையும் சேர்த்து எழுது.

எஸ்டீம்2001:
தம்பி பக்கத்தில் உட்காருவான், அவனுக்கும் ஹெல்மெட் இருக்கிறது. டைமிங் லைட்தான் இல்லை. கோவையில் யாராவது இந்த சனிக்கிழமை ஒரு நாளைக்குத் தருவீர்களா?

கரி_பிட்லேன்:
என்னிடம் இருக்கிறது. பேட்டரி க்ளிப் ஒன்று உடைந்திருக்கிறது, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னால் வா.